உஷார்! பழைய சவரக்கத்தியை 'பஃப்' அடிக்கக் கொடுக்காதீர்கள்

பரணில் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து ஒரு மடக்குச் சவரக்கத்தி வெளியே வருகிறது. அல்லது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் பேரம் பேசி வாங்குகிறீர்கள். அலகின் கழுத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றோ ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ முத்திரை. அலகு முழுக்கக் கருப்பும் பழுப்புமாகக் கறை. அடுத்து பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: நேரே பாலிஷ் பட்டறைக்குப் போய், "கண்ணாடி மாதிரி பஃப் அடிச்சுக் குடுங்கண்ணே" என்று நீட்டுகிறார்கள். தைரியம் உள்ளவர்கள் வீட்டு டிரில்லிங் மெஷினிலேயே துணிச் சக்கரத்தை மாட்டித் தாங்களே இறங்கிவிடுகிறார்கள்.

தயவுசெய்து நிறுத்துங்கள். நூறு வருடம் துருவோடு போராடித் தப்பித்த கத்தி அந்த ஐந்து நிமிடத்தில் செத்துப்போகும். போகட்டும், கத்திதானே என்று விட்டுவிட முடியாது. அதைப் பிடித்திருப்பவருக்கும் அதே ஐந்து நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு அங்குலச் சக்கரம், நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும் மோட்டார். சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். இந்த வேகத்தில் வரும் துணிக்கு எதிர்முகமாகக் கத்தியின் வாய் ஒரு கணம் திரும்பினால் போதும், துணி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியை இறுக்குவதற்கு அவகாசமே கிடையாது. கவ்விய கத்தியைச் சக்கரம் கீழ்நோக்கி எறியும். கீழே இருப்பது உங்கள் தொடை, வயிறு. அலகு உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துணிக் கையுறை போட்டுக்கொள்கிறேன் என்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கையுறையைச் சக்கரம் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். பாத்திரம், பைக் சைலன்ஸர் எல்லாம் பளபளக்க வைத்துக் கைதேர்ந்த பட்டறைக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் கையில் இதுவரை வந்த பொருள்களுக்கு இப்படியொரு வாய் இருந்ததில்லை.

சரி, காயம் படாமல் வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். கத்தியின் கதி என்ன? சவரக்கத்திக்கான எஃகில் கரி ஒரு சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சி, சட்டெனக் குளிரவைத்துத் துவைச்சல் போட்டு, பிறகு மிதமான சூட்டில் பதம் வைத்திருப்பார்கள். அந்தச் சூடு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதற்கு மேல் எப்போது சூடேறினாலும் பதம் இறங்கத் தொடங்கிவிடும். 220 டிகிரியை ஒட்டி எஃகின்மேல் வைக்கோல் நிறம் தெரியும், 300-ஐ நெருங்கினால் நீலம் பாயும். சக்கரத்தில் இதைக் கண்ணால் பார்த்தும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அந்த நிறம் தோன்றத் தோன்றச் சக்கரமே அதைத் துடைத்துவிடுகிறது. கத்தி வெள்ளையாக, அழகாகத்தான் வெளியே வரும். தீட்டுக்கல்லில் வைத்துத் தேய்த்த பிறகுதான் தெரியும், கூர் ஒரு சவரத்துக்குக்கூடத் தாங்கவில்லை என்று. முதுகுப் பக்கம் தடிமன் இருப்பதால் சூட்டைத் தாங்கும். வாய்ப்பக்கம் இரும்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெல்லிசு. சூடு ஓடி ஒளிய இடமில்லாமல் ஒரே நொடியில் அங்கே ஏறிவிடும். இறங்கிய பதத்தை மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் கத்தியை முழுதாகக் காய்ச்சித் துவைத்தாக வேண்டும். இவ்வளவு மெலிந்த அலகு அதில் கோணாமல் வெடிக்காமல் மீள்வது மிக அரிது.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதும் இதே கதைதான். அரிவாள்மனையும் கத்திரிக்கோலும் அவர் கையில் உயிர் பெறும், அதில் சந்தேகமில்லை. சவரக்கத்தியின் அமைப்பு வேறு. அதைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படிய வேண்டும். கூர்மையின் கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிமன்தான். 19 மில்லிமீட்டர் அகல அலகுக்கு முதுகு 5.5 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் பதினாறரை டிகிரி வரும். சுற்றும் கல்லோ துணியோ முதுகை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தின்றுவிட்டால் அந்தக் கணக்கே குலைந்துபோகும்.

இதற்கெல்லாம் காரணமான அந்தக் கறை உண்மையில் என்ன என்று பார்த்தால், பாதிப் பேர் எதிரியே இல்லாத ஒன்றோடு சண்டை போடுகிறார்கள் என்பது புரியும். சாம்பல் நிறத்தில், நீலம் கலந்தாற்போலப் படர்ந்திருப்பது எஃகின்மேல் காலப்போக்கில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். கெட்டியாகப் பிடித்திருக்கும் கருப்பும் பெரும்பாலும் அப்படித்தான். அது அங்கேயே இருந்தால் கத்திக்கு ஒரு குறையும் இல்லை, சவரத்துக்கும் இடைஞ்சல் இல்லை. பயப்பட வேண்டியது செங்கல் நிறத் துருவுக்கு. பஞ்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் துரு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் எடுத்தால் போதும். சிவக்கவில்லை என்றால் அலகை விட்டுவிடுங்கள்.

துரு எடுத்த இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குழிகள் தெரியும். இங்கேதான் ஆசை அறிவை மறைக்கிறது. குழி தெரியாமல் செய்ய ஒரே வழி, அதன் அடிமட்டம் வரைக்கும் சுற்றிலும் உள்ள எஃகையெல்லாம் தேய்த்து எடுப்பது. 0.2 மில்லிமீட்டர் ஆழக் குழி என்றால் அந்தப் பக்கம் முழுக்க 0.2 மில்லிமீட்டர் போக வேண்டும். சோலிங்கனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்த, இரு பக்கமும் குழிவாகக் கடைந்த முழுக்குழிவு அலகுகள் வாய்க்கு அருகில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். இருப்பதே அவ்வளவுதான் என்னும்போது எதைத் தேய்ப்பீர்கள்? ஷெஃபீல்டின் பழைய ஆப்பு வடிவக் கத்திகளில் எஃகு தாராளமாக இருக்கும், கொஞ்சம் தேய்த்தாலும் தாங்கும். ஆனால் அவைதான் வயதில் மூத்தவை. அவற்றில் அழியக்கூடியது வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் அடுக்களை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த கை நம்முடையது. அந்தப் பழக்கத்தில் கத்தியையும் புளிக் கரைசலில் ஊறப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை, வினிகர், கோலா என்று ஆளுக்கொரு வைத்தியம். பித்தளைக்குச் சரியாக இருப்பது கரி மிகுந்த எஃகுக்கு விஷம். அமிலம் துருவை மட்டும் பார்த்துப் பார்த்துத் தின்னாது, எஃகையும் அரிக்கும். நல்ல எஃகு மங்கிச் சொரசொரப்பாகிவிடும். இவ்வளவு கடினமான எஃகுக்கு அமிலக் குளியலில் இன்னொரு கேடும் உண்டு: ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை அடையும். உப்பும் சேர்த்துத் தேய்த்தால் கழுவிய சில மணி நேரத்தில் புதுத் துரு பூக்கும்.

கழிவறை கழுவும் ஆசிடில் முக்கியெடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. துரு ஓடுவது கண்ணெதிரே தெரிவதால் வேலை செய்கிறதென்று நினைப்பார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எஃகை விடாது, மூச்சுக்குழாயையும் விடாது. அது போதாதென்று கிருமி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலையும் அதே பாத்திரத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கும். பேட்டரி சார்ஜரை வைத்து மின்பகுப்பு முறையில் துரு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மறுமுனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் கலக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் அலகைப் பற்றி. எனக்கு அதைவிடக் கவலை தருவது பிடி.

பழைய சவரக்கத்திகளில் தந்தம் போலவும் ஆமை ஓடு போலவும் வழவழப்பாக இருக்கும் பிடிகளில் பெரும்பகுதி செல்லுலாயிடு. 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹையாட் நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக். பழைய சினிமாப் பிலிம் சுருளும் இதே நைட்ரேட் குடும்பம்தான். அது எப்படி எரியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது: 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் பிலிம்கள் வைத்திருந்த கிடங்கு தீப்பிடித்து, இந்திய சினிமாவின் ஆரம்ப காலப் படச்சுருள்கள் மீட்க முடியாமல் அழிந்தன. அதே பொருளை நீங்கள் 2,800 சுற்று சுற்றும் சக்கரத்தில் உராயக் கொடுக்கிறீர்கள். உராய்வுச் சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும், குப்பென்று எரியும். அரப்பொடி தரையில் சிதறியிருந்தால் அதுவும் எரியும்.

பிடி தந்தமா பிளாஸ்டிக்கா என்று பார்க்கப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்யவே செய்யாதீர்கள். செல்லுலாயிடாக இருந்தால் உங்கள் விரலுக்கு நடுவிலேயே தீ பிடிக்கும். வெந்நீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வதும் கூடாது. செல்லுலாயிடு இளகிக் கோணும், கொம்புப் பிடியும் முறுக்கிக்கொள்ளும்.

தீ வைக்காமலே செல்லுலாயிடு கத்தியைக் கெடுக்கும். வயதான செல்லுலாயிடு தானாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். ஈரம் பட்டால் அது நைட்ரிக் அமிலம் ஆகிறது. நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் பிடிக்குள் மடங்கி உட்காரும் பகுதியில் மட்டும் துரு திரும்பத் திரும்ப வருகிறதா? ஆணிகளில் பச்சைக் களிம்பு கட்டுகிறதா? பிடியில் மயிரிழை வெடிப்பு, பிசுபிசுப்பு, மூக்கைக் குத்தும் நெடி? அப்படியென்றால் கறைக்குக் காரணம் பிடி. அலகை எவ்வளவு பாலிஷ் போட்டாலும் பயனில்லை. அந்தக் கத்தியை உடனே மற்றக் கத்திகளிடமிருந்து பிரித்து வையுங்கள், ஒன்று விடும் வாயு பக்கத்தில் இருக்கும் ஒன்பதையும் அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது. காற்றோட்டமான, வெயில் படாத, அடுப்பிலிருந்தும் பூஜை விளக்கிலிருந்தும் தள்ளிய இடத்தில் வையுங்கள். சிதைவு முற்றியிருந்தால் பிடியைக் கழற்றிவிட்டு வேறு பிடி போடுவதுதான் அலகைக் காப்பாற்றும் வழி.

கொம்பு, எலும்பு, சிப்பிப் பிடிகள் இப்படி எரியாது. ஆனால் உப்புத்தாள் போட்டால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

இப்போது அழியக்கூடியதென்று நான் சொன்ன இன்னொன்று. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையை ஷெஃபீல்டில் கண்டபின் அந்த ஊர் கத்தி உலகத்தையே ஆண்டது. அங்கே செய்த கத்திகளின் கழுத்தில் குத்திய முத்திரைதான் அவற்றின் பிறப்புச் சான்றிதழ். கிரீடத்தோடு 'டபிள்யூ ஆர்' இருந்தால் நாலாம் வில்லியம் ஆண்ட 1830 முதல் 1837 வரையிலான காலம். 'வி ஆர்' என்றால் விக்டோரியா. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் பிறந்த நாட்டைக் குறிக்கச் சொன்னது. இந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. ஒரு தடவை பஃப் அடித்தால் ஓரங்கள் மழுங்கும், இரண்டாம் தடவை எழுத்தே இருக்காது. அலகின் முகத்தில் அமிலத்தால் பொறித்த படங்களும் வாசகங்களும் அதைவிட மெல்லிசு. அவற்றின்மேல் பூசிய தங்க முலாமோ பித்தளை பாலிஷ் தொட்ட துணியால் நாலு முறை துடைத்தாலே போய்விடும். மழுங்கிய முத்திரை திரும்பாது, அந்தக் கத்தி எந்த ஊரில், எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்ல அதன்பின் ஆளில்லை.

நமக்கு நெருக்கமான ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு. லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இந்தியாவிலிருந்து போன ஊட்ஸ் எஃகைக் கொண்டாடி அதில் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்தவர். 1820-ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவரும் அவரே. ஊட்ஸ் நம் தென்னாட்டு மூசை எஃகு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகின் அழகே அதன் அலையலையான வரியோட்டம், அது பளபளப்பில் மறைந்துவிடும். ஸ்டோடார்ட் பெயர் பொறித்த கத்தி உங்கள் கைக்கு வந்தால் எண்ணெய் தவிர எதையும் அதில் வைக்காதீர்கள். அருங்காட்சியகத்தில் உலோகம் பாதுகாக்கும் வேலை தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? கையால் செய்யலாம், பொறுமையாக. முதலில் அலகை ஒரு தட்டையான மரப்பலகையின்மேல் படுக்க வையுங்கள். பலகையின் ஓரமும் அலகின் வாயும் ஒன்றாக இருக்கட்டும். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு தேய்க்கும்போதுதான் விரல் போகும், அலகும் வளைந்து விரிசல் விடும். வாயின்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். துரு உள்ள இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் மூங்கில் குச்சியால் சுரண்டிப் பார்த்து, அடங்காத இடத்தை மட்டும் மிக நுண்ணிய ஸ்டீல் கம்பளியால் எண்ணெயோடு தேய்க்கலாம். கையின் போக்கு எப்போதும் முதுகிலிருந்து வாய்க்கு வெளிப்புறமாகவோ நீளவாக்கிலோ இருக்கட்டும்; வாய்க்கு எதிர்முகமாக விரல் வரவே கூடாது. அதற்கும் அசையாத துருவுக்கு ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரைக் கார்க்குத் துண்டில் சுற்றி, எண்ணெயிலோ தண்ணீரிலோ நனைத்து, அந்த இடத்தை மட்டும். கழுத்து முத்திரைப் பக்கம் தாள் போகக் கூடாது. பஞ்சு சிவப்பதை நிறுத்தியதும் நீங்களும் நிறுத்துங்கள். கருப்புப் பொட்டு இருந்தால் இருக்கட்டும்.

முடிந்ததும் கத்தி முழுவதையும் தண்ணீரில் முக்காதீர்கள். ஆணிக்குள் புகுந்த ஈரம் உள்ளிருந்து அரிக்கும். சோப்புத் துணியால் அலகைத் துடைத்து, ஈரம் போகத் துடைத்து, மினரல் எண்ணெய் மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்குப் பிடித்துப் பிசினாகும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் தவறு, தோல் ஈரம் வாங்கும். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சவரம் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்றால் முதலில் பூதக்கண்ணாடியில் வாயை முழுக்கப் பாருங்கள். வாய்வரை வந்த துருக்குழி, தீட்டும்போது பல்லாகப் பெயர்ந்துகொண்டே இருக்கும். மயிரிழை வெடிப்பு சாதாரணமாகத் தெரியாது. அலகில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் பொடியில் கோடாகக் கசியும். அந்தக் கோடு தெரிந்த கத்தி முகத்துக்குப் போகக் கூடாது. பாலிஷ் போட்ட கத்தியில் இந்த வெடிப்புகள் மெழுகும் பசையும் அடைத்து மறைந்திருக்கும் என்பதால், விற்பவர் மின்ன வைத்துக் கொடுக்கும் கத்திக்குக் கறையோடு இருப்பதைவிட அதிகமாகப் பயப்படுங்கள்.

அண்மைக் காலம் வரை யாராவது பயன்படுத்திய கத்தி என்றால் கிருமி அபாயமும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். முடிதிருத்தும் கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு வந்ததே இதுபோன்ற தொற்றுகளுக்குப் பயந்துதான். ஒரு பழைய கத்தியை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. சுத்தம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். துருவால் டெட்டனஸ் வருவதில்லை. துருவின் இடுக்கில் தங்கிய மண்ணிலும் அழுக்கிலும் அந்தக் கிருமி இருக்கலாம்.

கடைசியாகச் சட்டம். நிஜத் தந்தப் பிடி, நிஜ ஆமை ஓட்டுப் பிடி போட்ட கத்திகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இலும் 1991-இலும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு இந்திய யானையின் தந்தமும் சரி, ஆப்பிரிக்கத் தந்தமும் சரி, வணிகம் செய்யக் கூடாது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்த வியாபாரத்துக்குக் கடும் தடை. பழசுதானே, வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது என்ற பேச்சு சுங்கத்தில் எடுபடாது. பணம் கொடுப்பதற்கு முன் பிடி என்ன பொருள் என்று கேளுங்கள். தந்தம் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், கத்தியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.